மக்க ரெண்டு பேரு

பள்ளிக்கூட வேலைக்கு நடுவே மக்கள்தொகைக் கணக்கெடுக்கப் போனபோதுதான் அவரைப் பார்த்தேன். பள்ளிவாசல் என்ற ஊருக்கு மேலே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயத்தில், கொழுந்து எடுத்துவிட்டு வந்து படியில் உட்கார்ந்து, அட்டை கடித்த கால்களில் உப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மேடேறி எனக்கும் கால் ஓய்ந்திருந்தது.

“மக்கள்தொகை எடுக்க வந்திருக்கேன் அக்கா.”

“மக்க ரெண்டு பேரு சாரே. ரெண்டும் திருப்பூர்ல, பனியன் கம்பெனில.”

அவர் சொன்னதும் தப்பில்லை. மக்கள் என்றால் பெற்ற பிள்ளைகளும்தானே.

“பிள்ளைங்கள மட்டும் இல்லக்கா. இப்ப இந்த வீட்டுல எத்தன பேரு?”

உப்புக் கை நின்றது. “நா ஒருத்திதான். அப்ப அவனுகள எழுத மாட்டீகளா?”

“அவங்கள அங்க எண்ணிருவாங்க.”

“பகல்ல ரூம்பு பூட்டியில்லா கெடக்கும்? பூட்டுன வீட்ட யாரு எண்ணுவா?”

ஒன்று என்றே குறித்துக்கொண்டேன். அவர் சேலையில் கையைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்தார்.

“ஏலே, அங்க ஆள் எண்ண வருவாகளாம். ஒருநா லீவு போட்டாச்சும் ரூம்புல இருங்கலே.”

மறுமுனையில் என்ன சொன்னார்களோ, “எனக்காக இருங்கலே” என்றார்.

அடுத்த வீட்டில் கேள்வி கேட்கும்போதும் அந்தக் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. திருப்பூரில் அந்தக் கதவு திறந்திருந்ததா என்று யாரிடம் விசாரிப்பது என்பது இன்னும் எனக்குத் தெரியவில்லை.