கலையரசனின் கறுப்புத் திரை

“மோடம் டப்பா லைட்டு பொய் சொல்லும், கஸ்டமர் பொய் சொல்லுவான், கறுப்பு ஸ்கிரீன் மட்டும் பொய் சொல்லாதுங்க. பத்து வருசமாப் பார்க்கறேன், ஒரு நாளாவது கோளாறு என் பக்கம் இருந்துக்குதா? எல்லாம் அந்தப் பக்கந்தான்.”

சொல்லிக்கொண்டே கலையரசன், கணினிக்குக் கட்டளை அடிக்கும் அந்தக் கறுப்புச் சன்னலில் ஒற்றை விரலால் ‘ஐபிகான்ஃபிக்’ என்று தட்டுகிறார். ஜமுனாமரத்தூர் கடைத்தெருவில் மற்றவர்கள் ஊதுபத்தி ஏற்றிக் கடை திறப்பார்கள். இவருக்கு இந்த ஒரு சொல்தான் ஊதுபத்தி. சான்றிதழ், பட்டா, கல்லூரி விண்ணப்பம் என்று மலைக்காரர்களின் காகிதங்களை இணையத்தில் ஏற்றித் தருவது தொழில். இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று கணினியின் வயிற்றைத் தட்டிக் கேட்பது கலை.

வெள்ளை எழுத்துகள் மளமளவென்று இறங்கும். உள்ளே இரண்டு நெட்வொர்க் கார்டுகள். கம்பியில்லாத கார்டு, வாங்கிய நாளிலிருந்து வேலையற்றுக் கிடப்பதால், ‘மீடியா டிஸ்கனெக்டட்’, அதாவது இணைப்பு இல்லை என்று தினமும் ஒப்பாரி வைக்கும். அதைத் தாண்டிக் கம்பிக் கார்டின் எண்களைப் பார்த்ததும், நாடி பிடித்த வைத்தியர்போலக் கலையரசன் தலையசைப்பார். திரை எப்போதும் அவரை மட்டுமே பார்த்திருக்கும். எதிரில் இருப்பவர்களுக்கு அதன் முதுகுதான் தரிசனம். யாராவது எட்டிப் பார்த்தால், “இன்னா, டாக்டரு எடுத்த ஸ்கேன நீயேவா படிச்சிக்கிற? குந்து” என்பார்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி மழையில், மின்னல் கேபிள் வழியாக வந்து மதர்போர்டைத் தின்றுவிட்டுப் போனது. கேபிளைப் பிடுங்கி வைக்கலாமே என்பார்கள் விவரமில்லாதவர்கள். அதன் கொக்கி உடைந்துபோனதால், டேப் சுற்றி உட்கார வைத்திருக்கிறார். பிடுங்கினால் மறுபடி உட்காராது. ஆகவே முதல் இடி கேட்டதும் கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்துக் கம்பிக் கார்டை முடக்கிவிடுவார். “கதவச் சாத்திட்டேன், இனி எப்டி வருதுன்னு பார்க்கலாம்.” காலையில் இன்னொரு வரி அடித்துத் திறப்பார். மின்னலுக்கு ஆங்கிலம் தெரியும், எழுதிப் போட்டால் கட்டுப்படும் என்பது அவர் கட்சி. மூன்று ஆண்டுகளாக மின்னல் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காததால் கட்சி பலமாகவே இருந்தது.

போன வெள்ளிக்கிழமை, கடை திறக்கும் முன்பே வாசலில் இருவர் நின்றார்கள். மேலே காட்டோரத்து ஊரிலிருந்து விடியலில் கிளம்பி நடந்து வந்த சின்னக்குழந்தை என்பவர். அவர் மகள் அருணா. பெண்ணுக்கு நர்சிங் விண்ணப்பம். மாதக்கணக்கில் அலைந்த இனச்சான்று முந்தின நாள்தான் கைக்கு வந்தது. அன்று மாலை ஐந்து மணியோடு பதிவு முடிகிறது.

கலையரசன் தட்டினார். ‘மீடியா டிஸ்கனெக்டட்’ என்று வந்தது. அதற்குக் கீழே வழக்கமான எண்கள் இல்லை.

“லைன் அறுந்துட்சிம்மா. ராத்திரி மழைக்கி மலப்பாதைல மரம் வுழுந்திருக்கும்.”

“சார், டப்பாவுல பச்ச லைட்டு எரியிதுங்களே?” என்றாள் அருணா.

“அது எரியும். அதுக்கு இன்னா தெரியும்?”

சின்னக்குழந்தை சான்றிதழை மடியிலிருந்து எடுத்தார். மறுபடி மடியிலேயே வைத்தார். “சாமி, பத்தரை மணி வண்டியப் புடிச்சி போளூருக்குப் போய்ட்டு போட்டுக்கட்டுங்களா?”

“இன்னாத்துக்கு அலையற? நீ எறங்கறதுக்குள்ள இங்க வந்துடும். நான் சொல்றேன், குந்து.”

சொன்னது கறுப்புத் திரையைப் படிக்கத் தெரிந்த மனிதர். பத்தரை மணி பஸ் ஹாரன் அடித்துப் போனது. பன்னிரண்டரை பஸ்ஸும் போனது. கலையரசன் அரைமணிக்கொரு தரம் தட்டினார். திரை அரைமணிக்கொரு தரம் அதையே சொன்னது. லைன்மேன் சக்திவேலுக்குப் போன் போட்டால், மழையில் டவரும் படுத்திருந்தது. இரண்டு மணிக்குமேல் இறங்குகிற பஸ்ஸில் ஏறியும் பயனில்லை. அருணா சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டாள்.

ஐந்தே காலுக்குச் சக்திவேல் பைக்கில் வந்து இறங்கினார்.

“லைனா? இன்னாணா சொல்ற! காலைலேர்ந்து நல்லாத்தான் கீது. பக்கத்து மெடிக்கல்ல பில்லு போட்டுக்கினுதான கீறாங்க?”

கலையரசன் கீபோர்டுப் பக்கம் திரும்பினார். வேறொரு வரியை அடித்தார். ஐபிகான்ஃபிக் முடக்கிய கார்டைப் பட்டியலில் சேர்க்காது; காலையிலிருந்து அவர் படித்தது கம்பியில்லாத கார்டின் ஒப்பாரியை. இந்த வரி செத்தது, பிழைத்தது எல்லாவற்றையும் காட்டும். கம்பிக் கார்டுக்கு நேராக ஒரே சொல்: டிஸேபிள்டு, அதாவது முடக்கப்பட்டது. முந்தின நாள் மாலை இடி கேட்டதும் சாத்தி, காலையில் திறக்க மறந்த கதவு. கறுப்புத் திரை உண்மையில் பொய் சொல்லவில்லை. இல்லாததை இல்லை என்றுகூடச் சொல்லாமல் விட்டிருந்தது, அவ்வளவுதான்.

திறக்கும் வரியை அடித்தார். பத்தே நொடியில் இணையம் வந்தது. நர்சிங் பக்கமும் வந்தது. பதிவு முடிந்தது என்று சிவப்பில் எழுதியிருந்தது.

“வந்துட்சா சாமி?” சின்னக்குழந்தை எழுந்துவிட்டார். “லைன்ல இன்னா கோளாறாம்?”

கேட்டது கலையரசனைத்தான் என்றாலும், சக்திவேல் தோதாகப் பக்கத்திலேயே நின்றிருந்தார். பழியைச் சுமக்க லைன்மேனைவிடத் தகுந்த தோள் இந்த மலையில் கிடையாது. கறுப்புச் சன்னலின் மூலையில் அதை மூடும் பெருக்கல் குறி இருந்தது. ஒரு சொடுக்கு. கலையரசனின் கை மௌஸை அதுவரை நகர்த்திக்கொண்டு போனது.

பிறகு மௌஸை விட்டது. அவர் மானிட்டரை இரு கையாலும் பிடித்து, ஒயர்கள் இழுபட, மேசையின் மறுபக்கம் பார்க்கத் திருப்பினார். எழுந்து சுற்றி வந்து, படிக்கத் தெரியாத சின்னக்குழந்தைக்கும் தெரிந்த அருணாவுக்கும் நடுவில் நின்று, டிஸேபிள்டு என்ற அந்த ஒரு சொல்லின்மேல் விரலை வைத்தார்.