ஒரு நாரைக்குள் இரண்டு பேர்

லேவார்டன் நகரத்தின் ஒரு வேலைவாய்ப்பு முகமையில் பதினாறு வருடங்களாக நிறுவனங்களுக்கு ஆள் தேடிக் கொடுத்துவந்தவள் வீட்ஸ்கே டெர்ப்ஸ்ட்ரா. ஓரிடத்தில் கால் தரிக்காதவள். நேர்காணலுக்கு வருகிறவரை நாற்காலியில் உட்கார விடமாட்டாள். "வாங்க, நடந்துகிட்டே பேசுவோம்" என்று கால்வாய்க் கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். எதிரே சைக்கிள் வந்தால் எந்தப் பக்கம் ஒதுங்குகிறார், பதில் தெரியாதபோது கையை எங்கே வைத்துக்கொள்கிறார் என்பதிலேயே ஆள் பாதி பிடிபட்டுவிடும் என்பது அவள் கணக்கு.

2007ஆம் வருடம் அந்தக் கணக்கில் மண் விழுந்தது.

"இணையத்துக்குள்ள தனியா ஒரு உலகமே ஓடுது. வீடு, கடை, கடல் எல்லாம் இருக்கு. ஜனங்க பொம்மை உருவத்துல உலாத்துறாங்க. நாமளும் அங்க ஒரு ஆபீஸ் திறக்கிறோம், நீதான் உட்காரப் போறே" என்றார் மேலாளர் கெர்லோஃப்.

"என்னையா உட்காரச் சொல்றீங்க?"

"அதான் சொல்றேன். நீ தேறிட்டா இந்த ஆபீஸ்ல யார் வேணும்னாலும் தேறிடலாம்."

பக்கத்து மேசைப் பெண் அவளுக்கு ஓர் உருவம் செய்து கொடுத்தாள்: இருபத்தைந்து வயது, இடுப்பு வரை சிவப்பு முடி. முதல் வாரம் அந்தச் சிவப்பு முடிக்காரி இரண்டு முறை கடலுக்குள் நடந்து போனாள். ஒருமுறை கூரைமேல் ஏறி இறங்கத் தெரியாமல் நின்றாள். வேலை கேட்டு வந்தவர்களில் ஒருவர் பூனை, ஒருவர் சலவை இயந்திரம். கேள்வியைத் தட்டச்சு செய்துவிட்டு, பதில் வருவதற்குள் வீட்ஸ்கே எழுந்து காப்பி இயந்திரம் வரை போய்த் திரும்புவாள். பார்க்க ஒரு கை இல்லை, கால் இல்லை. எதைக் கொண்டு ஆளை எடைபோடுவது?

அப்போதுதான் அந்த நாரை வந்தது.

வேலை, படகுகள் போவதற்காகக் கால்வாய்ப் பாலங்களைத் திறந்து மூடுவது. ஐந்து பாலங்களை ஓர் அறையிலிருந்து திரைகளில் பார்த்தபடி இயக்க வேண்டும். அந்தக் கட்டுப்பாட்டு அறையின் தலைவர் மைன்டர்ட் ஓர் ஆள் கேட்டிருந்தார். பரீட்சைக்காக அந்த உலகத்திலேயே தடுப்புக் கம்பிகளோடு ஒரு பாலம் கட்டியிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை நாரை பாலத்தை இயக்கியது. சரக்குப் படகு நெருங்குகிறது. இறங்கும் கம்பிக்கு அடியில் ஒரு சைக்கிள் நுழைகிறது. நாரை கம்பியை நிறுத்திவிட்டு நிதானமாக எழுதியது: "படகு மெதுவாத்தான் நிக்கும், அது எனக்குத் தெரியும். சைக்கிள்காரன் நிக்கவே மாட்டான். அவனைத்தான் முதல்ல பாக்கணும்."

வீட்ஸ்கேவுக்குப் பிடித்துப்போயிற்று. வியாழக்கிழமை மறுபடி வரச் சொன்னாள். அன்றும் பிசகில்லை. ஆனால் பதில்கள் மடமடவென்று வந்தன, நடுநடுவே கிண்டல் வேறு. செவ்வாய்க்கிழமை ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு நிமிடம் எடுத்த நாரையா இது? வெள்ளிக்கிழமை முழுக்க அவள் மேசைக்கும் ஜன்னலுக்குமாக நடந்தாள். பிற்பகல் பொறுக்க முடியாமல் மூன்றாம் முறையாக அழைத்தாள்.

"செவ்வாய்க்கிழமை சைக்கிள்காரனைப் பத்தி என்ன சொன்னீங்க?"

நாரையிடமிருந்து ஒரு வரி வந்தது: "அன்னைக்கு வந்தது என் வீட்டுக்காரர். நேத்து வந்ததும் இப்ப பேசுறதும் நான். கேட்டா மறைக்கக் கூடாதுன்னு பேசி வச்சிருந்தோம்."

மறுநாளே காரை எடுத்துக்கொண்டு கிரௌ ஊரில் அவர்கள் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தவள் பெர்பர், காலை நேரங்களில் ரொட்டிக் கடையில் வேலை பார்ப்பவள். கணவர் டௌவே ஜன்னல் விளிம்பைப் பிடித்தபடி நின்றார். இருவரும் சொந்தச் சரக்குப் படகு ஓட்டியவர்கள். அவருக்கு முதுகில் அறுவை சிகிச்சை ஆனதும் படகை விற்றுவிட்டார்கள்.

"நாலு மணி நேரத்துக்கு மேல என்னால உட்கார முடியாதும்மா. அதை ஒளிக்காம எழுதி ஒன்பது இடத்துக்குப் போட்டேன். ஒருத்தரும் கூப்பிடல. அதான் ஒரு வேலையை ரெண்டு பேருமா பாதிப் பாதி பாத்துக்கலாம்னு வந்தோம்."

"அதுக்காக என்னை ஏமாத்துவீங்களா?"

"ஏமாத்தினோம்தான். நீங்க மட்டும் என்னவாம்? அந்தச் சிவப்பு முடியை எங்க விட்டுட்டு வந்தீங்க?" என்று குறுக்கிட்டாள் பெர்பர்.

வீட்ஸ்கே கத்தரித்த நரைமுடியைத் தடவிக்கொண்டு சிரித்துவிட்டாள். கோபம் மட்டும் போகவில்லை. திரும்பும் வழியில் இரண்டு இடத்தில் காரை ஓரங்கட்டி இறங்கி நடந்தாள். ஒன்பது விண்ணப்பம் என்றாரே, அதில் ஒன்று நம்மிடம் வந்திருக்குமோ? திங்கட்கிழமை பழைய கோப்புகளைப் புரட்டினாள். இருந்தது. ஓரத்தில் அவள் கையெழுத்தில்: "உட்கார முடியாது. வேண்டாம்." அன்று மதியமே மைன்டர்ட்டைப் பார்க்கப் போனாள்.

மைன்டர்ட் நடந்ததைக் கேட்டுக் கொதித்தார். "ஒரு ஆள் கேட்டா ஒரு பொய்யையும் ரெண்டு ஆளையும் கொண்டு வர்றியே! இன்ன நேரத்துல பாலத்தை யார் பாத்தாங்கங்கிறதுதான் இங்க உயிரு. ஒருத்தர் பேர்ல இன்னொருத்தர் உட்கார்ந்தா, விபத்துன்னு வந்தா நான் யாரைக் கேட்கிறது?"

அது நியாயம்தான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதனால் வாதாடவில்லை. "இதே கேள்வியை அவங்க மூஞ்சிக்கு நேரா கேளுங்க" என்றாள்.

கேட்டார். பதில் சொன்னது பெர்பர். "பதினோரு வருஷம் ஒரே சுக்கானை மாத்தி மாத்திப் பிடிச்சிருக்கோம். 'நான் பிடிச்சுட்டேன்'னு சத்தமா சொல்லாம அவர் விட்டதில்ல, நானும் விட்டதில்ல."

"அப்புறம் ஏன் முதல்லயே சொல்லல?"

"சொல்லியிருந்தா உள்ள விட்டிருப்பீங்களா, ஐயா?"

மைன்டர்ட் வீட்ஸ்கேயைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். கடைசியில், மூன்று மாதம் பார்க்கலாம், ஆளுக்கு அரை வேலை, அவரவர் பெயரில் என்று முடிவாயிற்று.

அந்த மூன்று மாதமும் வீட்ஸ்கேவுக்கு நெருப்பின்மேல் நிற்பதுபோல இருந்தது. வானொலியில் பாலம் என்ற சொல் காதில் விழுந்தால் ஓடிப்போய் ஒலியைக் கூட்டுவாள். கோப்பில் ஒரு தாள் குறைகிறது, தேதி சரியா என்று ஏதாவது சாக்குச் சொல்லி வாரத்துக்கு மூன்று தடவை மைன்டர்ட்டுக்குத் தொலைபேசி செய்தாள். இதற்குள் கெர்லோஃபுக்கு அந்தப் பொம்மை உலகம் அலுத்துவிட்டது. அங்கிருந்த அலுவலகத்தை மூடிவிட்டார். அந்த வழியாக வேலை கிடைத்தவர்கள் மொத்தம் மூன்று பேர். அதில் இருவர் இவர்கள்.

செப்டம்பர் கடைசியில் மைன்டர்ட் தானே கூப்பிட்டார். "வீட்ஸ்கே, பாலமெல்லாம் ஒழுங்கா திறக்குது, ஒழுங்கா மூடுது. ரெண்டு பேரையும் நேத்து நிரந்தரம் பண்ணியாச்சு. இனி நீ போன் பண்ணினா நான் எடுக்க மாட்டேன்."

அந்த வாரத்திலேயே அவள் இரண்டு முறை கூப்பிட்டாள். சொன்னபடியே அவர் எடுக்கவில்லை.