ஆட்டுக்குடலும் ஒரு பொய்யும்

அறுவைப் பயிற்சிக்கு நான் ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது எனக்கு மேலே இரண்டு வெள்ளைக்காரத் துரைமார். இரண்டு வருஷம் கைகட்டி நின்று பார்க்காதவன் கத்தியைத் தொடக்கூடாது என்பார் பெரிய துரை. என்னை வேலையில் நிலைப்படுத்த வேண்டியவரும் அவர்தான். சின்ன துரைக்கு அது சுத்தப் பைத்தியக்காரத்தனம். "பார்த்துக்கொண்டே இருந்தால் கண்தான் வலிக்கும். ஆட்டுக்குடல் வாங்கி வீட்டில் தைத்துப் பழகு" என்று என்னிடம் இரகசியமாகச் சொன்னார்.

நானோ யாழ்ப்பாணத்துச் சைவக்காரன். சிராங்கூன் சாலையில், எங்கள் ஊர்க் கிளார்க்குமார் நடத்திய சைவ மெஸ்ஸில் தங்கியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கசாப்புக் கடையில் குடல் வாங்கி, கழுவி, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தைப்பேன். தைத்த குடலில் தண்ணீர் ஊற்றினால் முதல் மாதம் பூவாளி மாதிரி ஒழுகியது. மூன்றாம் மாதம் ஒரு சொட்டு வரவில்லை. அந்தச் சந்தோஷத்தைச் சொல்ல மெஸ்ஸில் எனக்கு ஓர் ஆள் இல்லை.

நாற்றம் காட்டிக்கொடுத்துவிட்டது. மெஸ் சமையல்காரர் வந்து கதவைத் தட்டினார். தைத்துப் பழகத்தான் வாங்கினேன் என்றேன்.

"தைக்கிறதுக்கோ? ஆரும் குடலை வாங்கித் தைப்பினமோ? தின்னுறதெண்டால் தின்னுறனெண்டு சொல்லும்!"

அன்றிலிருந்து பின்கட்டில், தண்ணீர்க் குழாயருகே எனக்குத் தனி இலை. கூடத்தில் அவர்கள் சிரித்துப் பேசுவது கேட்கும். ரசத்தை நானே ஊற்றிக்கொள்வேன். எத்தனையோ நாள் பாதிச் சோற்றில் எழுந்திருக்கிறேன்.

ஒருநாள் ஒரு ரிக்‌ஷாக்காரரைக் குடலிறக்கத்தோடு தூக்கி வந்தார்கள். உடனே அறுக்காவிட்டால் ஆள் பிழைக்கமாட்டார். சின்ன துரை ஊரில் இல்லை. பெரிய துரையின் கட்டைவிரலில் காயக்கட்டு. வேறு வழியில்லாமல் கத்தியையும் ஊசியையும் என்னிடம் தந்தார். உள்ளே கறுத்துப்போயிருந்த குடலை வெட்டியெடுத்து, இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்தேன். ஆள் பிழைத்துக்கொண்டார்.

"இதை எங்கே கற்றாய்?" என்று துரை கேட்டார்.

ஆட்டுக்குடல் வாய்வரை வந்தது. வேலை போய்விடுமே என்ற பயம் அதை விழுங்கவைத்தது.

"உங்களைப் பார்த்துத்தான், சார்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. மறுவாரமே என்னை நிலைப்படுத்தினார். எல்லாரையும் கூட்டி, சின்ன துரையின் முன்னாலேயே என்னைச் சுட்டிக்காட்டி, இனி வருகிற ஒவ்வொருவரும் இரண்டு வருஷம் நின்று பார்த்தே ஆகவேண்டும் என்று அறிவித்தார். சின்ன துரை என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவே இல்லை.

அன்று மெஸ்ஸுக்குத் திரும்பிக் குழாயருகே இலைக்கு முன்னால் உட்கார்ந்தேன். முதல் முறையாக அது எனக்கு ஏற்ற இடமாகத்தான் பட்டது.