கரண்ட் நிற்காத செவ்வாய்க்கிழமை

நாடு சுற்றிப் பார்க்க நான் ஊரைவிட்டுக் கிளம்பியது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று வெண்ணந்தூரில் மாதாந்திர மின்நிறுத்தம். அதனால்தான் எதிர்வீட்டு சாரதாமணி அக்காவால் என்னைப் பஸ் ஏற்றிவிட வர முடிந்தது. அவர் வீட்டில் நான்கு விசைத்தறிகள். அவை ஓடும்போது அக்கா எங்கும் போக மாட்டார்.

பஸ் நிறுத்தத்தில் அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு லாரி விடாமல் ஹாரன் அடித்தது. அக்கா திரும்பவே இல்லை. கையைப் பிடித்து இழுத்தேன்.

“காதக் காட்டறேன்னு போன மாசமே சொன்னீங்களேக்கா?”

என் உதட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “அடுத்த கரண்ட் நிக்கற நாளு கண்டிப்பாப் போயர்றேன் சாமி.”

எங்கள் தெருவில் எல்லாரும் சொந்த வேலையை அந்த ஒரு நாளுக்குத்தான் தள்ளிவைப்பார்கள். பல் பிடுங்குவது, ரேஷன் கார்டில் பெயர் திருத்துவது, துக்கம் விசாரிப்பது எல்லாம். அக்காவின் காது ஒன்பது வருடமாக அந்த வரிசையில் நின்றது. தறியில் படிந்த பஞ்சைத் துடைத்து, துணி துவைத்து, சற்றே கண்ணயர்ந்தால் கரண்ட் வந்துவிடும். தறிக்கூடத்தின் இரைச்சலில் எல்லாரும் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வதால், அவருக்குக் கேட்காதது வீட்டுக்காரர் செங்கோடன் மாமாவுக்குக்கூடப் பெரிதாகத் தெரியவில்லை.

பஸ்ஸிலிருந்து ஒரு குரல்பதிவு அனுப்பினேன்: “ஊடு போய்ச் சேந்துட்டீங்களாக்கா?” பதிலுக்குக் கும்பிடும் கைப் படம் வந்தது. இரண்டு வருடம், எங்கிருந்து எதைப் பேசி அனுப்பினாலும் அதே கைகள்.

போன மாதம் திரும்பி வந்தபோது அவர் காதில் புது மெஷின் இருந்தது. நடந்ததை மாமாதான் சொன்னார்.

மின்நிறுத்தம் என்று அறிவித்திருந்த ஒரு செவ்வாய்க்கிழமை. அக்கா தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டிக் காத்திருந்தார். ஒன்பது மணி ஆயிற்று, பத்து ஆயிற்று, கரண்ட் நிற்கவே இல்லை. வேறு நாளுக்குத் தள்ளிவிட்டார்களாம். மாமா நான்கு தறிகளையும் ஓடவிட்டு, “சீலைய மாத்திட்டு வா அம்மணி, அடுத்த தடவ பாத்துக்கலாம்” என்று சைகை காட்டினார்.

அக்கா உள்ளே போனார். தான் ஓட்டும் இரண்டு தறிகளையும் அணைத்தார்.

“கரண்டுதான் இருக்குதே?”

“கரண்டு இருக்குதுங்க. நாந்தான் இல்ல. சேலம் போயிட்டு வாரேன்.”

இதை என்னிடம் சொல்லும்போது மாமா இன்னும் நம்பாதவர்போல் சுவிட்சையே பார்த்தார். “இழை அறுந்தா நிறுத்துவோம், பாவு நூலு தீந்தா நிறுத்துவோம். காதுக்காக ஆராச்சும் தறிய நிறுத்துவாங்களா சாமி? இவ நிறுத்திப்போட்டா!”

நானும் பார்த்தேன். பஞ்சு படிந்த கறுப்பு சுவிட்ச். அக்கா நின்று வேலை செய்யும் இடத்திலிருந்து நான்கே எட்டு வைக்கும் தூரம். பனிமலையும் பாலைவனமும் பார்த்துவிட்டு வந்தவள் நான். அந்த நான்கு எட்டையும் ஒருமுறை நடந்து பார்த்தேன்.

இடது காது போனது போனதுதான் என்றாராம் டாக்டர். வலது காதில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதையும் இன்னொரு வருடம் தள்ளியிருந்தால் இழந்திருப்பார்.

நேற்று நான் ஒரு வேலையாக ஆத்தூர் போயிருந்தபோது, அக்காவிடமிருந்து முதன்முறையாக ஒரு குரல்பதிவு வந்தது. என் பழைய பதிவுகளை முதலிலிருந்து கேட்க ஆரம்பித்திருக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன் பஸ்ஸிலிருந்து நான் கேட்ட கேள்விக்குப் பதில் அது. பின்னால் தறிச் சத்தம் இல்லை. நேற்று மின்நிறுத்தமும் இல்லை.

“ஊடு வந்து சேந்துட்டேன் சாமி.”