பூ பார்க்க ஒன்பது பேரை அழைத்துப் போனேன்

இன்று காலை எங்கள் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ்காரர்கள் ஒன்பது பேரை ஆவடித் தண்டவாளத்துக்குப் பின்னால் இருக்கும் காலி நிலத்துக்கு அழைத்துப் போனேன். தும்பையும் கொழுஞ்சியும் பூத்திருக்கின்றன, வரும் தேனீக்களைக் காட்டுகிறேன் என்று நானே சைக்ளோஸ்டைல் நோட்டீஸ் கொடுத்திருந்தேன். தாவரவியல் படித்துவிட்டு ஸ்டோர்ஸில் திருகாணி எண்ணுகிறவனுக்கு இது ஒன்றுதான் மிச்சம்.

போய்ப் பார்த்தால் நிலம் மொட்டையாகக் கிடந்தது. ஓரமெல்லாம் சுண்ணாம்புக் கோடு.

மண்வெட்டியோடு நின்ற நலச்சங்கத்துத் தோட்டக்காரர் முனுசாமி சிரித்தார். "இன்னா சார், நல்லா கீதா? பாக்க ஆளுங்க வராங்கோ, புல்லு பூண்டு ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னு செக்ரட்டரி சொல்லிட்டாரு. நேத்தே செதுக்கி வுட்டோம்."

செயலாளரும் அங்கேயே நின்றிருந்தார்; எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்து எனக்கு மேலே போனவர். "எல்லாம் உங்களுக்காகத்தான் சார்" என்று கையைக் குலுக்கினார். மனதாரத்தான் சொன்னார். அதனால் திட்டவும் முடியவில்லை.

"பூ எங்க சார்?" என்று பக்கத்து வீட்டம்மா கேட்டார்.

செதுக்கிப் போட்ட குவியலைக் காட்டினேன். வாடிய தும்பையில் ஒரு தேனீ உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தது. எல்லோரும் சுற்றி நின்று அதையே பார்த்தோம்.

அடுத்த ஞாயிறுக்கு வேறு இடம் தெரிந்தால் சொல்லுங்கள். என்னிடம் மட்டும் சொல்லுங்கள். செயலாளர் காதில் விழுந்தால் அதையும் சுத்தம் செய்து வைப்பார்.