ஒட்டு நிற்காத ட்யூப்

படப்பை கூட்டுரோட்டில் பஞ்சர் கடை வைத்திருந்த சுப்பராயலுவை நல்ல மனிதர் என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட முடியாது. ட்யூபைத் தண்ணீரில் அமுக்குவார், குமிழியைப் பார்ப்பார், ரப்பரை இழுத்துப் பார்ப்பார். நைந்திருந்தால் திரும்ப வீசிவிடுவார்.

"ஒட்டு நிக்காது. புதுசு வாங்கிக்கோ."

சேரப்பணஞ்சேரி பால்காரன் பாபு விடமாட்டான். "ஒண்ணே ஒண்ணு போடு நைனா. மணிமங்கலம் வரிக்கும் தாங்குனா போதும்."

"அங்க இன்னா, உன் மாமியாரா ஒட்டித் தரும்?"

1991 மழைக்காலத்தில் சுப்பராயலுவுக்கே மூச்சு முட்டியது. தாம்பரத்து ஆஸ்பத்திரியில் புற்றுநோய் என்றார்கள். நுரையீரலைச் சுற்றியிருந்த நீரை ஊசி போட்டு எடுத்தார்கள். அது மறுபடி சேர்ந்தது. உள்ளே மருந்து ஊற்றி நுரையீரலை நெஞ்சுச் சுவரோடு ஒட்ட வைத்தால் நீர் சேர இடமிருக்காது, ஆனால் நீரைச் சோதித்துவிட்டுத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர் ஷெர்லின். ஒட்டுகிற வேலை என்றதும் சுப்பராயலுவுக்குத் தெம்பு வந்தது.

முடிவு வந்தது. "நீர்ல சர்க்கரை ரொம்பக் கம்மி" என்றார் டாக்டர்.

மனைவி ஜெயம் கையெடுத்துக் கும்பிட்டாள். வருஷக்கணக்கில் சர்க்கரை நோயாளி அவள். எந்த டாக்டர் வாயிலிருந்தும் இத்தனை நல்ல சேதி கேட்டதில்லை. "எனுக்குத்தான் எறங்கவே மாட்டேங்குது. இந்தாளு ஜாங்கிரியா துன்னுகினு கீறாரு, இவருக்குக் கம்மியாம்!"

"அம்மா, இது ரத்தத்துல இல்ல, நெஞ்சு நீர்ல. அங்க சர்க்கரை குறைஞ்சு அமிலம் ஏறியிருந்தா நோய் முத்திப்போச்சுன்னு அர்த்தம். ஒட்ட வச்சாலும் அநேகமா நிக்காது. வலிதான் மிச்சம்."

ஜெயத்தின் கைகள் கும்பிட்டபடியே நின்றன.

"ஒண்ணே ஒண்ணு போட்டுப் பாரு டாக்டரம்மா" என்றார் சுப்பராயலு. சொன்ன பிறகுதான் அது பாபுவின் குரல் என்று உறைத்தது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் வாய் நிற்கவில்லை. "தை வரிக்கும் தாங்குனா போதும்."

டாக்டர் யாருடைய மாமியாரையும் இழுக்கவில்லை. "சேரச் சேர வாங்க. எடுத்து விடுறேன். எத்தனை தடவை ஆனாலும் சரி."

மறுநாள் காலை பாபு அதே நைந்த ட்யூபோடு கடைக்கு வந்தான்.

"ஒட்டு நிக்காது" என்றார் சுப்பராயலு. பாபு வாயைத் திறப்பதற்குள் பம்பை அவன் பக்கம் தள்ளினார். "காத்து எறங்க எறங்க வா. ஆனா நீயே அட்ச்சுக்கோ. எனுக்கு மூச்சு வாங்குது."

பாபுவால் நம்ப முடியவில்லை. "எத்தினி நாளைக்கு நைனா?"

"தை வரிக்கும் கேட்டுகீறேன்" என்றார் சுப்பராயலு.