இஞ்சினியரிங்குக்கு முதல் இஞ்சின்

போட் இஞ்சின் பழுதாகினா கடல்காரர் முதல்ல செய்யிறது, கராஜுக்குப் போன் எடுத்து, அது போட்ட சத்தத்தைத் தங்கட வாயால போட்டுக் காட்டுறது. திருகோணமலைத் துறைமுகத்துப் பக்கம் அப்பிடியான ஒரு கராஜில இருந்து, அந்தச் சத்தமெல்லாம் கேட்ட காது என்ர காது.

ஏ.எல். சோதனை எழுதிப்போட்டு, கம்பஸ் எப்ப திறக்கும் எண்டு வீட்டில குந்தியிருக்கிற என்ர கூட்டாளியளே, உங்களுக்குத்தான் இதைச் சொல்லுறன். எனக்கு இஞ்சினியரிங் கிடைச்சது மார்க்ஸால. வீட்டில பல்ப் மாத்துறதுகூட அப்பாதான். வாழ்க்கை முழுக்கக் கட்டியழப்போற சாமான் எனக்குப் பிடிக்குமோ பிடிக்காதோ எண்டு கம்பஸ் திறக்க முதல் ஒருக்காத் தொட்டுப் பாக்கவேணும் எண்டு ஆசை. அதுக்குத்தான் வேலை தேடி வெளிக்கிட்டன்.

அனுபவம்

ஓர்ஸ் ஹில்லில இருக்கிற ஒப்பீஸ் எல்லாத்திலயும் ஏறி இறங்கினன். கட்டிட வேலை எடுத்துச் செய்யிற ஒரு இடத்தில, சம்பளமே வேண்டாம் எண்டுகூடச் சொல்லிப் பாத்தன். அங்க இருந்த அக்கா என்னைக் கதிரையில இருத்தி, தேத்தண்ணி தந்து, மார்க்ஸைப் பாத்து நல்லாச் சந்தோசப்பட்டா. முன்ன எங்கயாவது வேலை செய்தனீங்களோ எண்டு கேட்டா. இல்லை, அந்த அனுபவத்தைத் தேடித்தான் வந்தனான் எண்டன்.

"அனுபவம் இல்லாட்டி எடுக்க ஏலாது பிள்ளை, வேற எங்கயாவது கொஞ்சநாள் செய்துபோட்டு இங்க வாங்கோ."

ஃபீல்டு

கடைசியில றொபேட் அண்ணையின்ர கராஜுக்குப் போனன். அவர் முதலாளி, பார்ட்ஸ் விக்கிறவர். திருத்துறது கிண்ணியாவில இருந்து வாற நசார் நானா. நிலமெல்லாம் கழட்டின இஞ்சின். எனக்கெண்டா எல்லாத்தையும் தொட்டுப் பாக்கவேணும் போல கை துடிச்சுது. றொபேட் அண்ணை அதைக் கண்டிட்டார். வாற போனுக்குப் பதில் சொல்லத்தான் ஆள் வேணும், சாமானில கை வைக்கப்படாது எண்டார். என்ர முகம் வாடினதைப் பாத்து அவருக்கே கொஞ்சம் பாவமாப் போச்சுது.

"நீங்கள் படிக்கப்போறது இஞ்சினியரிங், இங்க கிடக்கிறது இஞ்சின், ஃபீல்டு சரிதானே தங்கச்சி?"

சொல்லக் கூச்சப்பட்ட வருத்தம்

ஒருநாள் குச்சவெளியில இருந்து ஒரு ஐயா போன் எடுத்தார். என்ர குரலைக் கேட்டிட்டு, "ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ?" எண்டார். என்னட்டயே சொல்லுங்கோ எண்டன். கனநேரம் செருமினார். பிறகு மெல்ல, "விடிய இருந்து ஒண்டுக்குப் போகுதில்லை" எண்டார். எனக்கு நெஞ்சு பதறிட்டுது. ஐயா, உது விளையாட்டில்லை, ஆரையும் கூட்டிக்கொண்டு உடன ஆஸ்பத்திரிக்குப் போங்கோ எண்டு கத்தாத குறை.

பின்னால நசார் நானா ஸ்பானரைக் கீழ போட்டிட்டு வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிக்கிறார். சிரிச்சு முடிச்சுத்தான் சொன்னார்: ஓடுற இஞ்சின் சூடேறாமல் இருக்கக் கடல்தண்ணியை உள்ளுக்கு இழுத்து, பக்கத்து ஓட்டையால பீச்சிக்கொண்டிருக்குமாம். பீச்சாட்டி, கடல்காரர் அப்பிடித்தான் சொல்லுறவையாம். எனக்கு வெக்கம் ஒரு பக்கம். அந்தத் தண்ணி எங்கால ஏறி எங்கால வருது எண்டு அறியிற ஆவல் மறுபக்கம். ஐயா இன்னும் லைனிலதான் நிண்டார்.

"எனக்கில்லைப் பிள்ளை, இஞ்சினுக்கு, ஆஸ்பத்திரியில அதையும் பாப்பினமோ?"

பிடிச்சுப் போச்சு

அதுக்குப் பிறகு போன் அடிக்காத நேரமெல்லாம் நான் நானாவின்ர தோளுக்குப் பின்னாலதான். ஏன், எதுக்கு எண்டு கேட்டே மனுசனை அரிச்செடுத்தன். ஆனா கம்பஸ் திறக்கிற நாளும் கிட்டிட்டுது, என்ர கையில ஒரு சொட்டு எண்ணெய் படேல்லை. சரியான கவலை.

நானா குறிஞ்சாக்கேணிக்குக் கலியாணத்துக்குப் போன அண்டைக்கு, மீன்பிடிக்கிற சூசை அண்ணை தன்ர போட் இஞ்சினைத் தோளில சுமந்துகொண்டு வந்தார். ஸ்டார்ட் ஆகுது, கொஞ்சத்தால நிக்குது. விரிச்ச வலை கடலிலயே கிடக்கு, எடுக்காட்டி அள்ளுப்பட்டுப் போயிடும் எண்டார். நானாவுக்கு எடுத்தா போன் ஓஃப். றொபேட் அண்ணை வாசலைப் பாத்தார், கூரையைப் பாத்தார், வேற ஆளில்லாமல் என்னைப் பாத்தார். "காபரேட்டர் அழுக்குத்தான். நானா எடுக்கிறதைப் பாத்திருக்கிறீங்கள்தானே?" எண்டார்.

ஒவ்வொண்டாக் கழட்டக் கழட்டப் போனில படம் எடுத்து வைச்சன். உள்ளுக்கு ஒரு சின்னப் பித்தளைத் துண்டு. அதை வெளிச்சத்தில பிடிச்சா, பெற்றோல் போறதுக்குத் தலைமயிர் நுழையிற அளவு ஓட்டை, ஊத்தை அடைச்சுக் கிடக்கு. இத்தினூண்டு ஓட்டையோ ஒரு போட்டையே கடலில நிப்பாட்டுது எண்டு திருப்பித் திருப்பிப் பாத்தன். பக்கத்தில வைச்ச தேத்தண்ணி ஆறினதுகூடத் தெரியேல்லை. எல்லாத்தையும் கழுவிப் பூட்டி, தண்ணி ட்ரம்மில வைச்சு ஸ்டார்ட் கயித்தை இழுக்க, இஞ்சின் பிடிச்சுது. நிக்காமல் ஓடிச்சுது. எனக்கு இது பிடிச்சிருக்கு, நல்லாப் பிடிச்சிருக்கு. கேட்ட கேள்விக்கு விடை கிடைச்சிட்டுது எண்டு சந்தோசமாக் கையைத் துடைச்சன்.

சூசை அண்ணை இஞ்சினைத் திரும்பத் தோளில ஏத்தினார், நானும் பின்னால போனன். இறங்குதுறையில போட்டில இஞ்சினைப் பூட்டினார். பெற்றோல் டாங்கை வைச்சார். கிடந்த ஒரேயொரு லைஃப் ஜாக்கெட்டை எடுத்து என்னட்ட நீட்டினார்.

"ஏறுங்கோ தங்கச்சி, நடுக்கடலில நிண்டா ரெண்டு பேருமாச் சேந்து நிப்பம்."

ஏறினன், இஞ்சின் நிக்கேல்லை. இனிக் கம்பசில எந்தச் சோதனை வைச்சாலும் அது கரையில இருந்து எழுதுறதுதானே.